மனிதச் சுவடு படாத மலை

மார்ச் 3, 2025, திங்கள்

இன்று முதல் நான் மலை நிபுணர். ஆழ்வார்பேட்டை அலுவலகத்தில் பிரணவ் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். முப்பது வயதுக்காரர். பழனி மலைத்தொடரில் ஒரு சரிவை வாங்கி விடுதி கட்டுகிறார். திறப்பு விழாவுக்குப் படங்கள் நிறைந்த பெரிய புத்தகம் ஒன்று வேண்டுமாம். முதல் அத்தியாயம், அதாவது மலையின் புவியியலும் ஆதி வரலாறும், என் பொறுப்பு. அட்டையில் பெயர் வரும்: ஐவி ஃபிரெட்ரிக்.

இருபது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் பாடம் எழுதுகிறேன். எந்த அட்டையிலும் என் பெயர் வந்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி மட்டும் எத்தனை பக்கம்! எல்லாம் சாந்தோம் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியவை. நான் இதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் பரங்கிமலை. இதைப் பிரணவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அத்தியாயம் நன்றாக வருகிறது. மேற்குத் தொடர்ச்சியிலிருந்து கிழக்கே பிரியும் கிளை. மழையிலும் காற்றிலும் தேய்ந்த பழம்பாறை. 1821இல் வெள்ளைக்கார நில அளவையாளர் ஒருவர் ஏறிப் பார்த்தார். 1845இல் மதுரை வெயிலும் காய்ச்சலும் தாங்காத அமெரிக்கப் பாதிரிமார் வீடு கட்டினார்கள். உடனே மலை ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டார்கள். காலங்காலமாக அங்கேயே இருந்த பளியர் பழங்குடிகளுக்கு மலை தொலைந்தே போகவில்லை, பாவம்.

படம் எடுக்கும் ரெஹான் மாலையில் வந்தான். நோன்பு, தண்ணீர் கூட வேண்டாம் என்றான். கணினியைத் திறந்து காட்டினான். பிரணவின் சரிவிலேயே மூன்று கற்திட்டைகள்! பலகைக் கற்களைச் சுற்றி நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்டிருக்கிறார்கள். இறந்தவர்களுக்காக எழுப்பியவை. இரண்டாயிரம் வருடமாவது இருக்கும். என் அத்தியாயத்தின் முதல் படம் இதுதான் என்று முடிவு செய்தேன். அட்டையில் பெயர் வரப்போகும் பெண்மணி அல்லவா, முடிவெல்லாம் செய்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

பிரணவ் அத்தியாயத்தைப் படித்துவிட்டார். மலைப்பாறை பிடித்திருக்கிறது. பாதிரிமார் மிகவும் பிடித்திருக்கிறது. கற்திட்டைதான் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

“மேடம், ஹனிமூனுக்கு வர்றவங்க கிட்ட பக்கத்துல சமாதி இருக்குன்னா எப்படி?”

அதற்குப் பதிலாகப் பாண்டிய இளவரசி ஒருத்தி குளித்த சுனை என்று போடலாமாம். ஆதாரம் என்றேன். ஃபீல் இருக்கே என்றார். படங்களிலும் கற்களை அழித்தாயிற்று. இரண்டாயிரம் வருடம் நின்றவை. அழிக்க அரை மணி நேரம் ஆனதாம். அதைப் பெருமையாகச் சொன்னார்.

ஃபிரெட்ரிக்கிடம் புலம்பினேன். உனக்கென்ன, அவன் புத்தகம், அவன் மலை என்றார் என் கணவர். மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது அவருக்கு.

மார்ச் 18, செவ்வாய்

சுனை வேண்டாம் என்று போராடி வென்றேன். வீராங்கனை! பதிலுக்கு அவர் கேட்டது ஒரே ஒரு வரி. கொடுத்தேன்.

‘முதல் ஆங்கிலேயன் ஏறும்வரை மனிதச் சுவடு படாத சரிவு இது.’

பளியர்களும் போனார்கள், கற்களும் போயின. அட்டையில் என் பெயர் இருக்கும். எரிச்சல் என்னவென்றால், வரி அழகாக வந்துவிட்டது.

மார்ச் 19, புதன்

அட்டையின் மாதிரிப் படம் வந்தது. என் பெயர் தங்க எழுத்தில். நாலு தடவை பார்த்தேன்.

ஏப்ரல் 2, புதன்

ரெஹான் பெருநாள் பிரியாணியோடு வந்தான். போன வாரம் மறுபடி மலைக்குப் போயிருக்கிறான். டப்பாவை வைத்துவிட்டு உட்காராமல் நின்றான்.

“அக்கா, ஒரு கல்லு போச்சு. படிக்கட்டு போட உட்ச்சிட்டானுங்க.”

என்றைக்கு என்று கேட்டேன். இருபத்தேழாம் தேதி, அவன் கண் முன்னாலேயே. அங்கே இருக்கும் என்ஜினீயர் முதலில் தயங்கினாராம், பழைய சமாதி மாதிரி இருக்கிறதே என்று. பிரணவ் போனில் என் பக்கத்தை அனுப்பியிருக்கிறார்.

“மெட்ராஸ்ல ஹிஸ்டரி மேடமே எய்தி குத்துட்டாங்களாம், இங்க ஒண்ணும் இல்லன்னு. அப்பால இன்னான்னு அந்தாளு கேப்பாரு?”

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் சண்டையாவது போட்டிருப்பேன்.

நான் என்ன பண்ணிட்டேன்? ஒரு வரிதானே. ஒரே ஒரு வரி... அத கொண்டுபோய் கடப்பாரையாக்கிட்டாங்களே. இல்ல, ஆக்கிக் குடுத்ததே நான்தானே. எனக்குத் தெரியும்ல, அங்க கல் இருக்குன்னு? படம் பாத்தேன்ல?

பிரியாணியை ஃபிரெட்ரிக் சாப்பிட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் பிரணவுக்குப் போன் செய்து, என் பெயரையும் அந்த வரியையும் எடுக்கச் சொன்னேன். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். மேடம், ஒரு கல்லுக்கா என்றார். அவர் சரிவில் கற்கள் நிறையவே இருக்கின்றனவாம். மனிதருக்குப் புவியியல் தெரிந்திருக்கிறது.

பிறகு ரெஹானை அழைத்துக்கொண்டு எழும்பூர் போனேன், தொல்லியல் துறை அலுவலகத்துக்கு. அழிக்காத படங்களை அவன் பத்திரமாக வைத்திருந்தான். பிரணவ் இனி வேலை தரமாட்டார் என்று எச்சரித்தேன். அவன் ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டான் போல, தோளைக் குலுக்கினான். மனு எழுதிக் கொடுத்தோம். அந்த வரியை எழுதியது யார் என்ற விஷயத்தை மட்டும் மனுவில் விட்டுவிட்டேன். இடம் போதவில்லை. அரைப் பக்கம் காலியாக இருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

விசாரணைக்காக நானும் ரெஹானும் வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறினோம். இரண்டு முறை வாந்தி. மலை நிபுணரின் முதல் மலை.

வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. இரண்டு திட்டைகள் நிற்கின்றன. என் இடுப்பளவுதான் உயரம். படத்தில் பெரிதாகத் தெரிந்தன. மூன்றாவது, படிக்கட்டில் ஏழு படிகளாக இருக்கிறது. தெரியாமல் அதன் மேல் ஏறித்தான் வந்திருக்கிறோம்.

அங்கே கூலி வேலை பார்க்கும் பளியர் பெண்மணி ஒருவரைத் தொல்லியல் துறை அதிகாரி விசாரித்தார். உடைத்த அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

“அன்னிக்கு நாங்க யாரும் வேலைக்கு வரல. மறுநாள் வந்தோம். வராம என்ன செய்ய?”

அடுத்து என் வாக்குமூலம். மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். மார்ச் 11 அன்று கற்களின் படத்தைப் பார்த்தேன், 18 அன்று அந்த வரியை எழுதிக் கொடுத்தேன், 27 அன்று கல் உடைந்தது என்று வரிசையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை நிறுத்தினார். முதல் இரண்டு தேதிகளும் எனக்கே பாதகம், கட்டாயம் போட வேண்டும் என்றில்லை என்றார். நல்ல மனிதர்.

போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். முழுப் பெயரோடு.