ஓநாய்க்குழித் தண்ணீர் போகும் வழி

ரூவெராக்,
அக்டோபர் 19, ஞாயிறு

அன்பு மகள் நொயெமிக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கியூபெக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. உடம்பில் குறையில்லை, உன் அப்பாவின் முழங்கால்கூட இந்த மாதம் தேவலை. மற்றபடி நலமில்லை. போன ஞாயிறு நீ போனில் குரல் ஏன் ஒருமாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்று சொல்லி வைத்துவிட்டேன். சளியுமில்லை, ஒன்றுமில்லை, சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். நடுவில் எனக்குப் போன் போடாதே, கடைசிவரை படித்துவிட்டுப் போடு.

நம் ஊருக்கு இரண்டு வருஷம் முன்னால் ரொட்டிக் கடை போட வந்தார்களே, கயேல், அவன் பெண்டாட்டி சொலென், அவர்களுடைய குழந்தை எலீஸ் மூன்று வாரமாக நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறது. எட்டு மாதக் குழந்தை. முதலில் வயிற்றோட்டம், பிறகு இரத்தம், பிறகு சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று டயாலிசிஸ் போட்டார்கள். அடுத்த நாளே அதிகாரிகள் வந்து நம் ஊற்றுத் தண்ணீரைச் சோதித்து, குழாயை மூடி, மேயரம்மா மார்செல் வீட்டு வாசலில் பாட்டில் தண்ணீரை அடுக்கிவிட்டுப் போனார்கள். நாற்பத்தொரு பேர் வரிசையில் நின்று வாங்குகிறோம். போர் நினைவுத்தூணில் செதுக்கியிருக்கிற பெயர்களைவிட நாலைந்து பேர்தான் கூட, அதிலும் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டிலைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. தண்ணீர் எப்படிக் கெட்டது என்று அப்போது ஊரில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் உன் அப்பாவுக்கும் தெரியும். குறைந்தபட்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி மேல்மேய்ச்சலில் இடி விழுந்தது. ஓக் மரத்தடியில் ஒதுங்கிய ஒன்பது ஆடுகள் ஒரே அடியில் போயின. செத்த ஆட்டை எடுத்துப்போகும் லாரிக்குப் போன் செய்தால், நடுவில் மாதா பண்டிகை விடுமுறை, செவ்வாய்க்கிழமைதான் வருவோம் என்றார்கள். அந்த வெயிலில் செவ்வாய்வரை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பா சுண்ணாம்பு வாங்கி வந்து தெளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் சொன்னேன், 'ஓநாய்க்குழி பக்கத்துலதானே இருக்கு, உங்கப்பா என்ன லாரிக்கா காத்துக்கிட்டிருந்தாரு?' என்று. அவர் தலையைச் சொறிந்தார், 'சட்டம் இருக்குடி ஒடெட்' என்றார். 'சட்டம் வந்து நாத்தத்தை எடுத்துட்டுப் போகுமா?' என்றேன். அடுத்த நாள் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய், நம் நிலத்தில் பாறை அடியாழம் தெரியாமல் வாய் பிளந்திருக்கிற அந்தக் குழியில் இருவருமாகத் தள்ளிவிட்டோம். விழுகிற சத்தம் கேட்க நேரமாகும், உனக்குத் தெரியும். ஒன்பதையும் நின்று கேட்டேன். மறுநாள் மாதா சுற்றுப்பிரகாரத்தில் முன்வரிசையில் பாடிக்கொண்டு போனேன், வெட்கமில்லாமல்.

ஏன் பயமில்லை என்றால், நம் ஊரில் பிறந்த யாருக்கும் அந்தப் பயம் கிடையாது. மேலே விழுகிற மழை ஒரு சொட்டு நிற்காது, சுண்ணாம்புப் பாறை உறிஞ்சிவிடும், ஆட்டுக் குட்டையில் களிமண் போட்டு மெழுகினால்தான் தண்ணீர் தங்கும். உறிஞ்சியது எங்கே போகிறது என்று கேட்டால் எல்லாரும் பள்ளத்தாக்கைக் காட்டுவோம், வால்நேர் ஊர்ப் பக்கம். நிலம் அந்தப் பக்கம்தானே சாய்ந்திருக்கிறது. உன் கொள்ளுத்தாத்தா காலத்தில் வால்நேரில் முப்பது பேர் காய்ச்சலில் விழுந்து, நீங்கள் குழியில் போட்ட செத்த ஆட்டைத்தான் நாங்கள் குடிக்கிறோம் என்று அவர்கள் வழக்குப் போட்டபோது, நம் மேயர் குழியில் நாங்கள் எதையும் போடுவதேயில்லை என்று கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு வந்து ஊருக்கே சாராயம் ஊற்றினாராம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காத கல்யாணம் இங்கே நடந்ததுண்டா? ஒரு ஆடு செத்தால் 'வால்நேர்காரனுக்கு சூப்பு' என்று சொல்லாதவர் உண்டா? நானே சொல்லியிருக்கிறேன், உன் எதிரில். நம் ஊற்று தனி, மதகுருமார் கல்தொட்டி கட்டிய காலத்திலிருந்து சுத்தம், கோவிலுக்கு அடியில் மாதா பாதத்திலிருந்து வருகிறது என்று நம்பிக்கொண்டு குடித்தோம்.

செப்டம்பர் இருபதாம் தேதி தெற்கிலிருந்து பேய்மழை வந்தது. எட்டு நாளில் குழந்தைக்கு வயிற்றோட்டம். நொயெமி, அப்போதே எனக்கு அந்த ஒன்பது ஆடுகளின் நினைவு வந்தது, அதை அமுக்கினேன். அமுக்கியதோடு விடவில்லை. புதன்கிழமை மளிகை வேன் வரும்போது எல்லாரும் நிற்பார்களே, அங்கே ஒருத்தி, 'டவுன் பொண்ணு, பால் புட்டியைச் சரியாக் கழுவியிருக்க மாட்டா' என்றாள். இன்னொருத்தி, 'மாவு பிசைஞ்ச கையோட புள்ளையத் தூக்குறா, நானே பாத்தேன்' என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'நாமெல்லாம் இந்தத் தண்ணியைத்தானே குடிச்சோம், நமக்கு ஒண்ணும் ஆகலையே' என்றேன். அதுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. அடுத்த வாரம் கடையில் ரொட்டி மிஞ்ச ஆரம்பித்தது. அவள் கை சுத்தமில்லை என்று.

இந்த மாதம் ஆறாம் தேதி பூமிக்கடியில் ஓடும் தண்ணீரை ஆராய்கிற ஒரு அம்மா வந்தாள், வாஸர் என்று பெயர், ஒல்லியாக, ரப்பர் பூட்ஸோடு. யார் யார் நிலத்தில் குழி இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டாள். உன் அப்பா முகம் மாறாமல், 'ஒண்ணு இருந்துச்சு, எங்கப்பா கல்லைப் போட்டு மூடிட்டாரு' என்றார். நான் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க, அவள் ஊர்ப் பொதுக்குழியில் பச்சைச் சாயத்தை ஊற்றினாள். வியாழக்கிழமை வால்நேர் ஊற்று பச்சையாக ஓடியது, நம் ஊற்றில் ஒரு துளி நிறமில்லை. மறுநாள் ஊர்க்கூட்டம். மார்செல் நாற்காலியிலிருந்து எழுந்து, 'எங்க தாத்தாவுக்கே தெரிஞ்ச சங்கதி, இதுக்கு அரசாங்கம் சாயம் வாங்கி ஊத்தணுமா?' என்றாள், கூரை பிய்கிற மாதிரிச் சிரிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்த சொலென் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். சிரித்தவர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை, நீ கல்லறைத் திருநாளுக்கு வருகிறாய் என்று உன் அறையைத் துடைத்து, பரணில் இருந்து படுக்கை விரிப்புகளை இறக்கினேன். அடியில் என் கல்யாணச் சீரில் வந்த லினன் விரிப்பு, ஓரமெல்லாம் நீலத் திட்டு. அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது உனக்கு ஒன்பது வயது. ஆட்டுக்கு அடையாளம் வைக்கிற நீலச்சாயம் ஒரு டப்பா முழுக்க நீ ஓநாய்க்குழியில் கொட்டினாய், எங்கே போகிறது பார்க்கலாம் என்று. இரண்டு நாள் கழித்து நான் ஊற்றடித் தொட்டியில் விரிப்பை அலசும்போது தண்ணீர் நீலமாக வந்தது. நீ ஓடி வந்து, கை தட்டிக்கொண்டு, 'அம்மா, குழியில கொட்டினது இங்க வந்துடுச்சு!' என்றாய். நான் ஓங்கி இரண்டு அறை விட்டேன். தொட்டியிலேயே கொட்டிவிட்டுக் கதை கட்டுகிறாய் என்று. உன் அப்பாவும், 'நம்ம குழி வால்நேருக்குத்தான் போகும், உலகத்துக்கே தெரியும்' என்றார். நீ அழவில்லை, 'நான் பொய் சொல்லல' என்று மட்டும் மூன்று தடவை சொன்னாய். நாலாவது தடவை சொல்லவிடாமல் உன்னைச் சாப்பாடில்லாமல் அறையில் பூட்டினேன். அதற்குப் பிறகு நீ எங்களிடம் எதையும் ஓடி வந்து சொன்னதில்லை. கியூபெக் போவதைக்கூட டிக்கெட் எடுத்த பிறகுதான் சொன்னாய். பிடிவாதக்காரி என்று ஊரெல்லாம் உன்னைத்தான் குறை சொன்னேன்.

விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். உன் அப்பா பார்த்தார், பார்த்த உடனே புரிந்துவிட்டது அவருக்கு, அவரும் மறக்கவில்லை போலிருக்கிறது. கதவை மறித்துக்கொண்டு, 'நீ போய்ச் சொன்னா நாளைக்குப் பால் வண்டி நம்ம வாசலுக்கு வராது, போலீஸ் வரும், யோசிச்சுக்கோ' என்றார். 'யோசிச்சு யோசிச்சுத்தான் அந்தப் புள்ளை ஆஸ்பத்திரியில கெடக்கு' என்றேன். 'சொன்னா மட்டும் அதுக்குச் சரியாயிடுமா?' என்றார். நகருங்கள் என்றேன், நகர்ந்தார். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படி என்னைப் பார்த்ததில்லை.

வாஸர் அம்மா மேயர் ஆபீஸ் முன்னால் காரில் தன் சோதனைப் பாட்டில்களை ஏற்றிக்கொண்டிருந்தாள், அரை மணி தாமதித்திருந்தால் போயிருப்பாள். 'இன்னொரு குழி இருக்கும்மா, எங்க நிலத்துல, மூடல' என்றேன். 'அதுல என்ன போட்டீங்க?' என்று கேட்டாள். 'ஒம்போது ஆடு' என்றேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நோட்டை எடுத்துத் தேதி கேட்டு எழுதிக்கொண்டாள். 'நிலம் வால்நேர் பக்கம் சாயுதே, உங்க ஊத்துக்கு வரும்னு எப்படிச் சொல்றீங்க?' என்றாள். 'என் மக சொன்னா, ஒம்போது வயசுல. நான் நம்பல' என்று விரிப்பைக் காட்டினேன். அவள் அந்த நீலத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பாட்டில்களைத் திரும்ப இறக்கினாள்.

அன்று மத்தியானமே இளஞ்சிவப்புச் சாயத்தை ஓநாய்க்குழியில் ஊற்றினாள். செவ்வாய் முழுக்க ஊற்றடியில் போய்ப் போய் நின்றேன், தெளிவாகத்தான் ஓடியது. எனக்குள்ளே ஒரு பாவி, வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள், அதையும் உன்னிடம் மறைக்கப்போவதில்லை. புதன்கிழமை மளிகை வேன் வந்து, எல்லாரும் பையோடு நிற்கும் நேரம், கல்தொட்டியில் தண்ணீர் மாதுளைச் சாறு மாதிரி வந்தது. மார்செல் பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள். சொலென் ரொட்டிக் கடையிலிருந்து வந்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, 'அப்ப என் கை சுத்தமாத்தான் இருந்துச்சா?' என்று கேட்டாள். அந்தக் கேள்வி என் காதிலிருந்து இன்னும் போகவில்லை. 'சுத்தம்தாம்மா. நாங்கதான் குழியில ஆட்டைப் போட்டோம். தெரிஞ்சும் பேசாம இருந்தேன்' என்றேன். அவள் என்னை அடித்திருக்கலாம். கைகளை அந்தத் தண்ணீருக்கு மேலே நீட்டினாள், நனைக்காமலே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குழந்தைக்கு வெள்ளிக்கிழமை மெஷினை எடுத்துவிட்டார்கள், சொந்தமாகச் சிறுநீர் போகிறது, ஆனால் சிறுநீரகம் முழுக்கத் தேறுமா என்று டாக்டர்கள் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. பால் வண்டி வியாழக்கிழமை முதல் வரவில்லை. கறந்த பாலை உன் அப்பா தரையில் ஊற்றுகிறார். போலீஸ் வந்து எழுதி வாங்கிப் போனது, குழியில் இறங்கி எடுக்க ஆள் வரப்போகிறார்கள். கேட்டபோது உன் அப்பா, 'நானும் ஒடெட்டுமாத்தான் தள்ளினோம்' என்று எனக்கு முன்னால் தன்னைச் சொன்னார், என்னோடு பேசுவதில்லை என்றாலும். கயேல் ரொட்டியைக் கவுண்டரில் வைக்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. நான் தினமும் போகிறேன். ஊரில் பாதிப் பேர் என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள், மீதிப் பேர் தங்கள் குழியில் என்னென்ன போட்டோம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ வருவதை நிறுத்திவிடாதே, அம்மாடி. வரும் வழியில் கல்லறையில் வைக்கச் சாமந்தித் தொட்டி இரண்டு வாங்கி வா, இங்கே யாரும் எனக்கு விற்கிற மனசில் இல்லை. குழாயில் வாய் வைக்காதே. அப்பாவிடம் எதுவும் கேட்காதே, முதலில் கட்டிப் பிடித்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், உங்கள் பிள்ளைகள் ஓடி வந்து சொல்வதை நின்று கேட்கிற பொறுமையை மாதா உனக்குக் கொடுக்கட்டும், எனக்குக் கொடுக்கவில்லை. உன் கட்டிலில் அந்த லினன் விரிப்பைத்தான் விரித்திருக்கிறேன். திட்டு போகத் துவைக்கவில்லை. நீலம் மேலே தெரியும்படியே போட்டிருக்கிறேன். நீ பொய் சொல்லவில்லை, நொயெமி.

இப்படிக்கு,
அன்று உன்னை நம்பாத உன் அம்மா,
ஒடெட்