அனுப்பாத திருத்தம்

மதுரை,
11.2.2024

கோகுல் அவர்களுக்கு,

வணக்கம். தபாலில் கடிதம் வருகிறதே என்று நினைக்காதீர்கள். மூன்று மாதமாக மின்னஞ்சல் அனுப்பிச் சலித்துவிட்டது. உங்கள் கல்லூரியில் படித்த ஒருவரிடம் கெஞ்சித்தான் இந்த முகவரியை வாங்கினேன்.

நான் ஹஸ்னா பானு. சொந்த ஊர் கடையநல்லூர். மதுரையில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் ‘படிச்சொல்லு’ நிரலில் ஒரு வருடமாக நானும் வேலை செய்கிறேன். நாம் நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். முதன்முதலில் நான் அனுப்பிய பதினோரு வரியில் ஒன்பது வரியை மாற்றச் சொன்னீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் ஒன்பதையும் மாற்றினேன்.

அக்டோபரில் நீங்கள் வெளியிட்ட பதிப்பில் ஒரு பிழை இருக்கிறது. ஆங்கில எழுத்து வருகிற இடத்திலெல்லாம் வாசிப்பது பாதி வரியில் நின்றுவிடுகிறது. என் அறைத்தோழி அன்னக்கிளிக்குக் கண் தெரியாது. எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். பாடம் முழுவதையும் அவளுக்கு உங்கள் நிரல்தான் படித்துச் சொல்கிறது. நவம்பர் பரீட்சையை எப்படியோ ஒப்பேற்றினோம். ஏப்ரலில் அடுத்தது வருகிறது.

நான் எழுதி அனுப்பிய திருத்தம் உங்கள் ஒப்புதலுக்காகக் கிடக்கிறது. ஒப்புதல் தாருங்கள். நேரம் இல்லையென்றால் நிரலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எங்களில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். தவறாக எண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
ஹஸ்னா பானு


சங்கரன்கோவில்,
19.2.2024

அம்மா ஹஸ்னா பானுவுக்கு,

கோகுலின் தகப்பனார் சண்முகையா எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்தது. கோகுல் சென்ற நவம்பர் பதினான்காம் தேதி காலமாகிவிட்டான். மஞ்சள் காமாலை என்று நினைத்துப் பத்தியம் இருக்க வைத்தோம். திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும்போது கல்லீரல் பாதிக்கு மேல் போயிருந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். வயது இருபத்தொன்று.

தங்கள் கடிதத்தைத் தபால்காரர் சங்கரசுப்பு வீட்டில் கொடுக்காமல் தாலுகா ஆபீசுக்கே கொண்டுவந்தார். நான் அங்கே பதிவறையில் எழுத்தராக இருக்கிறேன். “அண்ணாச்சி, தம்பி பேருக்கு வந்திருக்கு. குடுக்கவா, திருப்பி அனுப்பிரவா?” என்று கேட்டார். அவன் பெயருக்குத் தபால் வந்து நாளாகிவிட்டதால் வாங்கிக்கொண்டேன்.

நிரல் என்று ஏதோ எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விளங்கவில்லை. அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே கிடப்பான். வேலைக்கு எழுதிப் போடாமல் விளையாடுகிறான் என்று நினைத்திருந்தேன். அது என்ன வேலை என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுத முடியுமா? பேச வேண்டாம், எழுதினால் போதும். போனில் யாராவது அவன் பேரைச் சொன்னால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

இப்படிக்கு,
சண்முகையா


மதுரை,
25.2.2024

மதிப்பிற்குரிய ஐயா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். உயிரோடு இல்லாதவரிடம் பதில் வரவில்லை என்று குறை சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அம்மாவுக்கும் அல்லாஹ் பொறுமையைக் கொடுக்க வேண்டும்.

கோகுல் விளையாடவில்லை ஐயா. கண் தெரியாதவர்களின் போனில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்வதுதான் அவர் செய்த நிரல். இதற்குமுன்பும் அப்படிச் சில இருந்தன. அவை தமிழைக் கடித்துத் துப்பும். நம் ‘க’ ஒரே எழுத்துத்தான். ‘கல்’லில் ஒரு மாதிரி, ‘தங்கம்’ என்னும்போது ஒரு மாதிரி, ‘அகம்’ என்னும்போது வேறு மாதிரி. எங்கே எப்படி ஒலிக்க வேண்டும் என்று நானூற்றுச் சொச்சம் விதிகளைக் கோகுல் எழுதி வைத்திருக்கிறார். யாரிடமும் அவர் எதுவும் வாங்கியதில்லை. மேலப்பாளையத்தில் பாதுஷா என்று ஒருவர் இதைக் கேட்டே சட்டம் படிக்கிறார். யாழ்ப்பாணத்தில், மலேசியாவில் எல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள்.

கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நிரலை யாரும் திருத்தலாம். ஆனால் அந்தத் திருத்தம் எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால் கோகுலின் கணக்கிலிருந்துதான் அனுப்ப முடியும். அதற்கு அவருடைய மடிக்கணினி வேண்டும். உங்களுக்கு மனம் இருந்தால் மட்டும்.

அன்புடன்,
ஹஸ்னா


சங்கரன்கோவில்,
9.3.2024

அம்மா ஹஸ்னாவுக்கு,

ஐயா என்று எழுத வேண்டாம். பக்கத்துக் கடையநல்லூர்ப் பிள்ளை நீ, மாமா என்றே எழுது. நானும் மரியாதையை விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரி மாலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளே வாங்கி இரண்டு தடவை படித்தாள். சில நாள் கோகுல் அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, “எப்பா, ‘அகம்’னு சொல்லுங்க. இப்ப ‘அக்கம்’னு சொல்லுங்க. வேகமாச் சொல்லாதீங்க, ஆபீஸ்ல பேசுத மாதிரி சொல்லுங்க” என்பான். “போலே, வேலையத்தவனே” என்று நான் சொன்னதுண்டு. எதற்குக் கேட்டான் என்று நீ எழுதித்தான் தெரிந்துகொண்டோம்.

மடிக்கணினி விஷயம். மாலா அதை அவனுடைய சட்டைகளோடு பீரோவில் வைத்திருக்கிறாள். யாரையும் தொட விடுவதில்லை. ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதே. நீ எழுதுவது எங்கள் பையனுக்காகவா, அந்த மிஷினுக்காகவா? மாலாதான் கேட்கச் சொன்னாள்.

அவனுக்கு ஆட்கள் எழுதியதெல்லாம் இன்டர்நெட்டில் எல்லோரும் பார்க்கிற பொது இடத்தில் இருக்கும் என்று கோகுலின் சேக்காளி ஒருவன் சொன்னான். அதையெல்லாம் காகிதத்தில் எடுத்து அனுப்புவாயா? நல்லது மட்டும் பொறுக்கி அனுப்ப வேண்டாம். கோப்பில் ஒரு தாளை உருவிவிட்டால் அது கோப்பே இல்லை. ஒன்று விடாமல் அனுப்பு.

உன் மாமா,
சண்முகையா


மதுரை,
22.3.2024

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

மாமி கேட்டதற்குப் பதில்: முதல் கடிதம் மிஷினுக்காகத்தான். இரண்டாவதில் பாதி அதற்காக. இது அப்படியில்லை.

இத்துடன் எழுபத்திரண்டு தாள் இருக்கிறது. பாதுஷா எழுதியதை முதலில் படியுங்கள். அவர் தன் ஆறு வயது மகளின் பள்ளிப் புத்தகத்தை இந்த நிரலால் கேட்டு, அதன்பிறகு அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கோகுல் அதற்கு “மகள் என்ன வகுப்பு?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். தன்னைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. உடம்பு சரியில்லை என்றுகூட.

அறுபத்தெட்டாம் தாளை நான் முதலில் எடுத்து ஒளித்து வைத்தேன். கோப்பைப் பற்றி நீங்கள் எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது. திரும்பச் சேர்த்துவிட்டேன். அது நான் எழுதியது. நவம்பர் ஐந்தாம் தேதி. அன்னக்கிளி பாடம் கேட்க முடியாமல் அழுத அன்று, எல்லோரும் பார்க்கிற இடத்தில் கோகுலுக்கு இப்படி எழுதினேன்: “இரண்டு வாரமாகப் பதிலே இல்லை. முடியாவிட்டால் விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் சோம்பலுக்காக யாருடைய பரீட்சையும் காத்திருக்காது.”

அதற்கு முப்பது பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

உங்கள் முதல் கடிதத்தில் பத்தொன்பது நாள் என்பதைப் படித்தவுடன் விரல்விட்டு எண்ணினேன். நான் அதை எழுதும்போது அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். இத்தனை நாள் உங்களிடம் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் மடிக்கணினி தரமாட்டீர்கள் என்ற பயமும் ஒரு காரணம். இனி நீங்கள் தர வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்கிறேன் மாமா.

ஹஸ்னா


சங்கரன்கோவில்,
16.4.2024

மகள் ஹஸ்னாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுபத்திரண்டு தாளையும் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். அறுபத்தெட்டையும் படித்தேன்.

உன்னைக் கோபிக்க எனக்கு வாய் இல்லை. ஏன் என்று சொல்லுகிறேன். மாலாவுக்குக்கூட இது தெரியாது. அவள் அப்போது இளநீர் வாங்கக் கீழே போயிருந்தாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, பகல் மூன்று மணி இருக்கும். கோகுல் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மடிக்கணினியை வயிற்றின்மேல் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். கண் மஞ்சளாகக் கிடக்கிறது. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்கிறான். டாக்டர் அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“முடியலைன்னா விட்டுட்டுப் போயேம்லே. ஊருக்கு ஒழைச்சு என்னத்தக் கண்ட?” என்றேன்.

“ஒரு புள்ளைக்குப் பரீட்சைப்பா. ஒரு நிமிஷம் பொறுங்க, அனுப்பிட்டுத் தாரேன்” என்றான்.

நான் பொறுக்கவில்லை. பிடுங்கி மூடிவிட்டேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் நினைவு தப்பியது. என்னிடம் அவன் கடைசியாகப் பேசியது அதுதான்.

நீ எழுதிய வார்த்தையும் நான் சொன்ன வார்த்தையும் ஒன்றுதான், பார்த்தாயா. உன்னை மன்னிக்க வேண்டும் என்றால் அவன்தான் மன்னிக்கணும். எனக்கும் அப்படித்தான்.

மடிக்கணினியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மாலாவே எடுத்துத் தந்தாள். பழைய சேலையில் சுற்றிக் கட்டியவளும் அவள்தான். உன் கடிதத்தில், “இது அப்படியில்லை” என்ற வரியைக் காட்டி, “இந்தப் புள்ள பொய் சொல்லலை, குடுத்திருங்க” என்றாள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அன்றைக்கு அவன் எதை அனுப்ப இருந்தான்? பார்த்து எழுது. என் மனது நோகுமே என்று மாற்றி எழுதாதே.

சண்முகையா


மதுரை,
5.5.2024

அன்புள்ள மாமா,

மடிக்கணினி பத்திரமாக வந்தது. பூட்டி வைத்திருப்பார் என்று பயந்தேன். பூட்டவில்லை. சார்ஜ் ஏற்றியதும், நீங்கள் மூடியபோது எப்படி இருந்ததோ அப்படியே திறந்தது.

மாற்றி எழுத வேண்டாம் என்று சொன்னதால் உள்ளதை எழுதுகிறேன்.

கோகுல் அந்தப் பிழையைச் சரிசெய்து முடித்திருந்தார். இருபத்தாறு வரி. ஆஸ்பத்திரியில் நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியிருக்கிறார். நான் மூன்று மாதம் ஒப்புதல் கேட்டு நின்ற என் திருத்தம் தவறு மாமா. அதைப் போட்டிருந்தால் ஆங்கில எழுத்தில் நிற்காது, ஆனால் எண் வந்தால் நின்றுபோயிருக்கும். அவர் எழுத்து, எண் இரண்டையும் கவனித்திருக்கிறார். சோதித்தும் பார்த்திருக்கிறார். கடைசிச் சோதனை பகல் இரண்டு ஐம்பத்தெட்டுக்கு முடிந்திருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அது என்ன என்று ஒரு வரி எழுத வேண்டும். அதையும் எழுதியிருக்கிறார்: “வாசிப்பு பாதியில் நிற்பது சரிசெய்யப்பட்டது. பிழையைச் சொன்னவர்: ஹஸ்னா பானு. தாமதத்துக்கு வருந்துகிறேன்.”

வேறு எதுவும் இல்லை. அனுப்புவதற்கு ஒரு விசையை அழுத்துவது மட்டும்தான் பாக்கி.

அதை நான் அழுத்தினேன். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி அவர் பெயரிலேயே போனது. ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. “தாமதத்துக்கு வருந்துகிறேன்” என்பதை எடுத்துவிடலாமா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதியது, தொடக்கூடாது என்று விட்டுவிட்டேன். கீழே அவர் காலமான செய்தியை மட்டும் தனியாக எழுதினேன். என் பழைய வார்த்தைக்கு ஆமாம் போட்டவர்களில் பலர் வந்து வருத்தம் எழுதியிருக்கிறார்கள்.

அன்னக்கிளி பரீட்சை எழுதிவிட்டாள். மூன்று தாளும் நன்றாக வந்ததாம். கோகுலைப் பற்றிச் சொன்னேன். “அவரு குரல் எப்படி இருக்கும்ட்டி?” என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன்.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது சங்கரன்கோவிலில் இறங்கி உங்களையும் மாமியையும் பார்க்கலாமா?

அன்பு மகள்,
ஹஸ்னா


சங்கரன்கோவில்,
20.5.2024

மகள் ஹஸ்னாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டபடியே உள்ளதை எழுதினாய். வேறு யாரும் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

இனிமேல் மறைக்கக்கூடாது என்று மாலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தையும் கொடுத்தேன். படித்து முடித்து மடித்து வைத்துவிட்டு, “ஒரு நிமிஷம் பொறுக்கலியா நீங்க?” என்றாள். அவ்வளவுதான். அதற்குப்பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. சோறு போடுகிறாள், சட்டை தேய்த்து வைக்கிறாள், ஆபீசுக்குப் போகும்போது குடை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி மட்டும் வீட்டுக்குள் நிற்கிறது.

கோகுலின் சேக்காளி வந்து மாலாவின் போனில் அந்த நிரலைப் போட்டுக் கொடுத்தான். காலையில் செய்தித்தாளைப் படிக்க வைத்துக் கேட்கிறாள். கண் நன்றாகத்தான் தெரியும் அவளுக்கு. ‘அகம்’, ‘முகம்’ என்று வருகிற இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்கிறாள். நான் அந்த நேரத்தில் தெருவில் இறங்கிவிடுகிறேன்.

மடிக்கணினி உன்னிடமே இருக்கட்டும். நிரலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் நீயே எடுத்துக்கொள். எழுதியவர் பேர் போடுகிற இடத்தில் அவன் முதலில் இருந்தால் போதும், அதற்குக் கீழே உன் பேரைப் போடு. யாராவது பதில் எழுதாமல் இருந்தால், என்ன கஷ்டமோ என்று ஒரு தடவை விசாரித்துவிட்டு ஏசு. புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே, எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வர வேண்டாம் மக்கா. உன்மேல் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. உன் கையெழுத்தை உறையில் பார்த்ததுமே அந்தக் கட்டிலும் அவன் திரும்பிப் படுத்ததும் என் கண்முன்னால் வந்துவிடுகிறது. நேரில் பார்த்தால் தாங்கமாட்டேன். கடிதமும் இத்தோடு போதும். மாலா எழுதச் சொல்லி எப்போதாவது கேட்டால் அவளே எழுதுவாள். நீ அவளுக்குப் பதில் போடு, எனக்கு வேண்டாம்.

படிப்பு முடிந்து நல்ல இடத்தில் வேலைக்குப் போ. உன் வாப்பா உம்மாவுக்கு எங்கள் விசாரிப்பு.

சண்முகையா