புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால்

அன்பு தேவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடையும் சுகம், குவாஹாட்டிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன மாதம் போனில் உன் குரல் ஏன்மா ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்றேன். சளி இல்லை சாமி. நம் தபால் ஆபீசைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடப் போவதாகப் பேச்சு, என் வேலையும் அதோடு போயிருக்கும். உனக்குப் பரீட்சை நேரம் என்று சொல்லாமல் விட்டேன்.

எழுபத்திரண்டில், ஊரில் பகல் முழுக்கத் திறந்திருக்கிற கதவு நம் மளிகைக் கடை ஒன்றுதான் என்று உன் தாத்தா சென்னியப்பனிடம் தபால் பையையும் முத்திரையையும் கொடுத்தார்களாம். தோட்டங்களில் இருப்பவர்கள் சாமானுக்கு எப்படியும் வருவார்கள், கடிதத்தைக் கேட்கத்தான் மறப்பார்கள். அதனால் யார் எதை வழக்கமாக வாங்குவார்களோ அதற்குப் பின்னால் அவர்கள் கடிதத்தைச் செருகி வைத்தார். ரிஜிஸ்தர் தபாலை மட்டும் வீட்டில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவேன், மற்றபடி போன மாதம்வரை அதே முறைதான். அப்போது சோதனைக்கு வந்த தபால் இன்ஸ்பெக்டர் மேசைமேல் கடிதம் வைக்க இருந்த பெட்டியைத் திறந்தார், காலி. கடிதமே வராத ஊருக்கு ஆபீஸ் எதற்கு என்று எழுத ஆரம்பித்தார். கடிதங்கள் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கின்றன என்று சொன்னால் அது விதிமீறல், சொல்லாவிட்டால் ஆபீஸ் போகும். புத்தகங்களில் உண்மை சொல்ல ஒரு நேரம் தானாக வரும், எனக்குப் புண்ணாக்கு வாங்கும் கந்தவேல் அண்ணன்தான் வந்தார். நேரே போய் மூட்டைக்குப் பின்னால் கைவிட்டு ஒரு கவரை எடுத்து, ஏனுங்க அம்மிணி, இன்னைக்குப் புண்ணாக்கோட ஒண்ணே ஒண்ணுதானுங்களா என்று கேட்டார். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்து இன்ஸ்பெக்டர்முன் வைத்தேன், இருபத்துமூன்று கடிதம். ஒன்றை முகர்ந்து பார்த்து இது யாருடையது என்றார், பெருங்காயம் வாங்கும் சென்னியம்மாளுடையது என்றேன். ஒவ்வொன்றிலும் முத்திரைத் தேதியைப் பார்த்தார். இரண்டு நாளுக்கு மேல் கிடந்தது ஒன்றும் இல்லை. ஏம்மா, இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று திட்டினார், பிறகு எழுதியதை அடித்துவிட்டார்.

மூன்று வாரம் தினமும் தபால் பையில் உத்தரவைத் தேடினேன். செவ்வாய்க்கிழமை வந்தது, ஆபீஸ் இங்கேயே இருக்கும். அப்பா அன்று முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் கடலைமிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இட்லிப்பொடி அனுப்பியிருக்கிறேன், அறையில் இருக்கிற பெண்ணுக்கும் கொடு. ராத்திரி தலைக்குக் குளிக்காதே. விலாசத்தில் பின்கோடை முழுதாக எழுது, போன தடவை ஒரு எண்ணை விட்டிருந்தாய், தபால்காரி பெண் இப்படிச் செய்யலாமா. நீ நினைத்ததெல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தமிழ்ச்செல்வி

பி.கு. கடிதம் வைக்க இருபது அறை கொண்ட மரப்பெட்டி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். நேற்று கந்தவேல் அண்ணன் மூட்டைக்குப் பின்னால் தேடிவிட்டு, பெட்டியில் ‘புண்ணாக்கு’ என்று எழுதிய அறையிலிருந்து தன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார்.