மஞ்சள் கோடு போட்ட புத்தகம்

அன்புள்ள என்னவருக்கு,

முதுகுவலி எப்படி இருக்கிறது? பெல்ட்டை ஆணியில் மாட்டிவைக்காமல் இடுப்பில் கட்டுங்கள். குட்டிக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா? நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

இந்த நாட்டு நர்ஸ் உரிமத் தேர்வில் இந்த முறையும் தேறவில்லை. பதறாதீர்கள், இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதுவரை வார்டில் படுக்கை விரிக்கும் வேலைதான்.

நேற்று ஒரு வேடிக்கை. பயிற்சி வகுப்பு டீச்சர் என் புத்தகத்தைப் புரட்டினார். பக்கமெல்லாம் மஞ்சள் கோடு. "எத்தனை தடவை படிச்சீங்க?" என்றார். "பதினோரு தடவை" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. புத்தகத்தை மூடிவிட்டு, "இப்போ ஞாபகம் இருக்கறதை எழுதுங்க" என்றார். நான்கு வரிக்கு மேல் பேனா நகரவில்லை.

"கண்ணுக்குப் பழகிடுச்சு, அதைத் தெரிஞ்சதா நினைச்சுட்டீங்க. பார்க்காம யோசிச்சு எடுத்தாதான் மனசுல நிக்கும்" என்றார்.

நம் ஊரில் ஒன்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். குட்டியை விட்டு வந்து ஐந்து மாதமாக வெறும் கோடுதான் போட்டிருக்கிறேன். முகம் கழுவப் போனவள் வகுப்பு முடியும்வரை வெளியே வரவில்லை.

பிறகு டீச்சரே தேடி வந்தார். தினமும் யாராவது என்னைக் கேள்வி கேட்க வேண்டுமாம். "ரூம்ல யாராவது இருக்காங்களா?" என்றார். ரூமில் நான் மட்டும்தான்; ஆனாலும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

கேள்வித்தாளை விடைகளோடு இத்துடன் அனுப்புகிறேன். போனில் நீங்கள் கேளுங்கள். நான் பேசாமல் இருந்தால் உடனே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். பதில் ஞாபகம் வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

டியூட்டி பஸ் வந்துவிட்டது.

குட்டியின் அம்மா