ரங்கூனிலிருந்து ஆறரை மணி

12 அக்டோபர் 1936, திங்கள்
தூறல். பட்டறையில் இரண்டு பஸ். இரண்டுக்கும் கார்புரேட்டர் அடைப்பு. மத்தியானம் ரங்கூனிலிருந்து பெரியண்ணன் தந்தி: நாளை விமானத்தில் புறப்பாடு, நான் வரும்வரை மைமூன் நிக்காஹ் கூடாது.

மாமு சிரித்தார். "ஆகாசத்துல வாரானாமா? வரட்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சா நிக்காஹ். எவனுக்காகவும் நிக்காது."

மாப்பிள்ளை மாமுவின் கூட்டாளி. சிம்மக்கல்லில் வெங்காய மண்டி. மூத்த மகனுக்கு என் வயது. தங்கச்சி மைமூனுக்குப் பதினெட்டு. அத்தா மௌத்தாகி அடக்கம் ஆனதிலிருந்து அம்மா, மைமூன், நான் மூவரும் மாமு வீட்டுச் சோறு. வாயைத் திறக்கப் பெரியண்ணன்தான் வர வேண்டும்.

அட்லஸில் நூல் பிடித்தேன். கல்கத்தாவுக்கு 650 மைல், மணிக்கு நூறு. ஆறரை மணி. வழியில் அக்யாபில் பெட்ரோல். கல்கத்தாவில் மெயில் வண்டியைப் பிடித்தால் வெள்ளி காலை மதுரை. கப்பல் என்றால் சென்னைக்கே நாலு நாள். போதும், வந்துவிடுவார்.

செவ்வாய்
புழுக்கம். மைமூன் கேட்டாள்: "பெரியண்ணே இப்ப எங்கிட்டு இருப்பாக?"
"அக்யாப் தாண்டியிருப்பாக."
"பிளேன் நடுவுல எங்கயும் நிக்காதுல்ல?"
"நின்னா விழுந்துரும்டி."
சிரிக்கவில்லை.

புதன்
பேய்மழை. அக்யாபிலிருந்து தந்தி. புயல், விமானம் கிளம்பவில்லை.

மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் ஞாயிறு. காற்றைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மடத்தனம். டயரை உதைத்ததில் பெருவிரல் வீக்கம்.

டீக்கடையில் பட்டறைச் சிநேகிதன் சுந்தரம்: "அம்புட்டு வேகமாப் பறந்து வந்து இந்த ஊர்ல என்னத்த மாப்ள பாக்கப் போறாக?" டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தேன்.

வியாழன்
தந்தி இல்லை. சாயங்காலம் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். பொண்ணு தரப்பில் சம்மதம் சொல்வது யார் என்று கேட்டார்.
"நாந்தான்" என்றார் மாமு.
"அண்ணன் இருக்கையில தாய்மாமன் எப்புடி? மூத்தவரு வரலைன்னா இவருதான்" என்று ஹஜ்ரத் என்னைக் காட்டினார்.
மாமு என் தோளைத் தட்டினார். "சொல்லிருவான். நம்ம பய."

எனக்கு இது உறைக்கவே இல்லை, இத்தனை நாளும்.

உள்ளே போய் மறுபடி அட்லஸ். காற்று இன்றைக்கு நின்றால்... மைமூன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.
"அவுக எப்ப வருவாகன்னே கணக்குப் போட்டுக்கிட்டிருக்கியே அண்ணே. நீ எப்ப வருவ?"

நூலைச் சுருட்டி வைத்தேன்.

வெள்ளி
மழை விட்டிருக்கிறது. காலையிலேயே பட்டறை முதலாளியைப் பார்த்தேன். பின்னறை காலிதானாம், மூன்று பேர் தங்கலாம். ஒழுகும்.

ஜும்மாவுக்கு முன்பே மாமுவிடம் சொல்லிவிட்டேன்.
"சம்மதம் இல்ல மாமு."
"யாருக்கு?"
"மைமூனுக்கு. எனக்கும்."
"இம்புட்டு வருசமா என் சோத்தத் தின்னுட்டு..." வாசலைக் காட்டினார்.

அம்மா பாத்திரங்களைக் கட்டுகிறாள். மைமூன் அட்லஸைத் துணி மூட்டையில் திணித்துவிட்டாள். வண்டிக்காரன் வாசலில் கத்துகிறான்.

போகிற வழியில் பெரியண்ணனுக்குத் தந்தி. அவசரமில்லை, கப்பலிலேயே வரலாம்.