ஒன்பது படி ஏணியும் ஒரு பட்டப்பெயரும்

அனுப்புநர்:
கெல்லே ஒஸ்மான், மீனவர்,
ஹர்கூன் கிராமம்,
சோமாலியா வடகிழக்குக் கடற்கரை.

பெறுநர்:
உயர்திரு கடலோரக் காவல் அதிகாரி அவர்கள்,
மாவட்டத் துறைமுகம்.

பொருள்: ஆறு வயதில் அல்வா திருடியவரைக் கடற்கொள்ளையராகப் பிடித்தது – என் தங்கை மகன் கூலேத்தை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

ஏழு கடலும் எழுந்து நின்று வழிவிடும் தங்கள் கம்பீரத்துக்கு என் ஸலாம்.

1. வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் எங்கள் வலைகளை அறுத்துப் போவதாக மூன்றாண்டுகளில் பதினோரு மனுக்கள் தந்தேன். கல்லெறி தூரத்தில் மலை மாதிரி நிற்கும் அவை சட்டத்தின் கண்ணுக்குத் தென்படவில்லை என்று பதில் வந்தது. வயதானால் பார்வை மங்குவது இயற்கைதான்.

2. அதே சட்டத்துக்குப் போன வாரம் செவ்வாய்க்கிழமை கழுகுப் பார்வை வந்துவிட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியைக் கட்டுவதற்காக, கூலேத் பொசாசோ சந்தையில் ஏணி வாங்கிப் படகில் வந்துகொண்டிருந்தான். படகில் ஏணி இருந்தால் அது கப்பலில் ஏறிக் கொள்ளையடிக்கத்தானாம். ஏணிக்கு ஒன்பதே படி. அதில் ஏற வேண்டுமானால் கப்பல் முதலில் ஒட்டகம் போல மண்டியிட வேண்டும்.

3. தங்கள் காவலர், "பேரு என்னடா?" என்று கேட்டிருக்கிறார். ஊர் வழக்கப்படி, "புர்ஆத்னு கூப்பிடுவாங்கண்ணே" என்றிருக்கிறான் அந்த அசடு. புர்ஆத் என்றால் கொள்ளைக்காரன். "அடேங்கப்பா, அவனே ஒத்துக்கிட்டான், எழுதிக்கோ!" என்று விசாரணை இனிதே முடிந்தது. என் கல்யாணத்தில் அவன் அல்வாத் தட்டோடு ஓடியதற்காக வைத்த பெயர் அது. வைத்த பாவி நான்தான்.

4. பட்டப்பெயர் இல்லாத ஆள் நம் நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் ஊர் 'சிங்கம்' கோழியைக் கண்டால் கதவைச் சாத்துகிறார். 'நொண்டி' ஓடினால் காற்று மூச்சிரைக்கிறது. தங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறோம். மரியாதை கருதி இங்கே எழுதவில்லை.

5. சனிக்கிழமை அவனை வெளிநாட்டு நீதிமன்றத்துக்குக் கப்பலேற்றுகிறீர்களாம். இருபது ஆண்டு கிடைக்கும் என்கிறார்கள். அவன் தாய் இன்னும் இரண்டு வேளையும் அவன் தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறாள். இந்தப் பத்தியில் மட்டும் எனக்கு வேடிக்கை வரவில்லை, ஐயா.

ஆகவே, பட்டப்பெயர் பொய் என்றால் அவன் கொள்ளைக்காரன் அல்ல, விட்டுவிடுங்கள். மெய் என்றால், கீழே என் பட்டப்பெயரைப் பார்த்து, இதை மனுவாக அல்லாமல் ஆணையாகவே ஏற்று விட்டுவிடுங்கள். ஏணி மெதுவாக வரட்டும்.

இடம்: ஹர்கூன்
நாள்: 17.03.2011

தங்கள் பதிலுக்குக் கரையில் காத்திருக்கும்,
கெல்லே ஒஸ்மான்
(ஊரார் அழைப்பது: சுல்தான்)