நெற்றி மட்டும் வந்த படம்

ரண்டர்ஸ், டென்மார்க்
ஆனி 2009

அன்புள்ள மயூரதன் அண்ணைக்கு,

ஆரணன் எழுதுறன். நாங்கள் சுகம். உன்ரை சுகத்தை அம்மா தினமும் போனிலை கேக்கிறா, நான் வேறை கேக்கத் தேவையில்லை. போன் எடுத்தால் அவ பக்கத்திலை நிப்பா. மெயில் போட்டால் கொம்பியூட்டர் சங்கதியை மட்டும் வாசிச்சிட்டு மிச்சத்தை விட்டிடுவாய். அதுதான் கடிதம்.

சண்டை முடிய ஊர்ச் சனத்தை அடைச்சு வைச்சிருக்கிற முகாமிலை எடுத்த படம் உன்ரை லினக்ஸ் கொம்பியூட்டருக்கு வந்ததிலையிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்வி: தங்கமலர் சித்தியும் அவவின்ரை மகன் ரஜீவனும் உயிரோடை இருக்கினமோ? நீ போனிலை, "சித்தி இருக்கிறா, படத்தை ஆரணன் எடுத்துக் காட்டுவான்" எண்டாய். உன்ரை கொம்பியூட்டரிலையிருந்து படத்தை இறக்க நீ எழுதி அனுப்பின கட்டளையளை எங்கடை விண்டோஸிலை, கறுப்புத் திரையிலை, பிசகாமல் அடிச்சன். படம் வந்துது. சித்தியின்ரை நெற்றி மட்டும் தெரிஞ்சுது. கீழை பச்சையும் சாம்பலுமாய்க் கோடு. அம்மா சீலைத் தலைப்பாலை திரையைத் துடைச்சுப் பாத்தா. பிறகு, "விடடா, பெரியவன் வந்து செய்வான்" எண்டா.

நான் ஜிம்னாசியம் பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியிலை விட்டதிலையிருந்து இந்த வீட்டிலை எல்லாத்தையும் பெரியவன்தான் வந்து செய்வான். கோயிலிலை சுசீலாதேவி அன்ரிக்கு என்ரை பேர்கூடத் தெரியாது, "மயூரதன்ரை தம்பியோ" எண்டு கேக்கிறா. எரியுது அண்ணை. மறைக்கேல்லை.

அந்த எரிச்சலிலைதான் விடாமல் குடைஞ்சன். எனக்கு வந்த படத்தின்ரை பைல் அளவு உன்னட்டை இருக்கிறதைவிடக் கூட. அப்பதான் பிடிபட்டுது. உன்ரை லினக்ஸ் படத்தைப் படமாகவே எடுக்கும். விண்டோஸோ, சொல்லாட்டில், அதை எழுத்தெண்டு நினைச்சு, வரி முடியிற இடமெண்டு தனக்குப் பட்ட இடமெல்லாம் எதையோ செருகிப்போடும். முதல் 'பைனரி' எண்டு அடிச்சு, இது எழுத்தில்லை எண்டு சொல்லவேணும். அந்த வரியை விட்டது நீ. அம்மாவுக்கு நீ சொன்னது, ஆரணன் எதையோ பிழையா அமத்திப்போட்டான் எண்டு.

அடிச்சன். முழுப்படமும் வந்துது. நான்தான் செய்தனான் எண்டு சொல்ல அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்திட்டன்.

சித்தி நிலத்திலை இருக்கிறா. பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. சமாதான காலத்திலை அம்மா ரஜீவனுக்கு அனுப்பின சிவப்புச் சேட் அவவின்ரை மடியிலை மடிச்சபடி கிடக்குது. நீ பாத்துத்தான் இருப்பாய். அதுதான் "சித்தி இருக்கிறா" எண்டதோடை நிப்பாட்டினாய்.

அம்மாவுக்கு முழுப்படத்தை நான் காட்டேல்லை, அவ இன்னும் அந்தக் கோட்டைத்தான் பாத்திருக்கிறா. சனிக்கிழமை ரயில் எடுத்து வா. படத்தைத் திருத்தினது நீதான் எண்டு நானே சொல்லுறன், அந்தப் பேர் உனக்கே இருக்கட்டும். அவ அழேக்கை நான் பக்கத்திலை நிப்பன். தனிய என்னாலை ஏலாது.

பெரியவன் வருவான் எண்டு அவ சொல்லுறது இந்த ஒருக்காலாவது சரியா இருக்கட்டும்.

உன்ரை தம்பி,
ஆரணன்